இடுப்பு வலிக்கு இழுவை இயந்திரம்: பணம் கட்டுமுன் வணிகர் அறிய வேண்டியவை



நம் தொழிலில் இடுப்பு வலி அறியாதவர் குறைவு. மளிகைக் கடைக்காரருக்கு நாள் முழுதும் குனிந்து நிமிரும் வேலை. மொத்த வியாபாரிக்குக் கல்லாவை விட்டு எழுந்திருக்க முடியாத வேலை. லோடுமேன்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்பு வலி இருந்திருக்கிறது. இத்தனை பேர் வாடிக்கையாளராக இருக்கும்போது சரக்குக்கு என்ன பஞ்சம்? தைலம், பட்டி, பெல்ட், காந்தப் படுக்கை என்று எத்தனையோ வந்தன. இப்போது பெரிய ஊர்களில் கம்ப்யூட்டர் பொருத்திய இழுவைப் படுக்கை வந்திருக்கிறது. 'அறுவை சிகிச்சை இல்லாத ஸ்பைனல் டீகம்ப்ரஷன்' என்று இதற்குப் பெயர். தமிழில் சொன்னால் தண்டுவட அழுத்தத் தளர்ச்சி.

கீரப்பாளையம், சேத்தியாத்தோப்பு, சிதம்பரம் வட்டார வணிகர்கள் சிலர் இதைப் பற்றி என்னிடம் விசாரித்தார்கள். போகலாமா, நகையை வைத்தாவது பணம் கட்டலாமா என்பது அவர்கள் கேள்வி. நான் டாக்டர் அல்ல. பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவன். ஆனால் சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் பில் போட்டுப் பழக்கமில்லை. கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே தருகிறேன்.

ஜவ்வு என்பது என்ன?

நம் பக்கத்தில் 'ஜவ்வு விலகிவிட்டது' என்பார்கள். டாக்டர்கள் டிஸ்க் என்பார்கள். முதுகெலும்பு ஒரே கழி அல்ல. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய துண்டுகள். இடுப்புப் பகுதியில் மட்டும் 5 எலும்புகள். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தைபோல இருப்பதே டிஸ்க். பூரணக் கொழுக்கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே கெட்டியான நார் வளையம். உள்ளே தண்ணீர்ச் சத்து மிகுந்த கூழ். முன்பக்கம் அழுத்தினால் பூரணம் பின்பக்கம் பிதுங்கும் அல்லவா? அதேபோல வளையம் கிழிந்து கூழ் பின்னால் பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை உரசினால், இடுப்பிலிருந்து தொடை வழியாகக் கெண்டைக்கால், பாதம் வரை மின்சாரம் பாய்ந்தாற்போல் வலிக்கும். இதுதான் சயாட்டிகா. பெரும்பாலும் கீழேயுள்ள இரண்டு டிஸ்க்குகளில்தான் இந்தத் தொல்லை. டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதே இந்த வலிக்குக் காரணம் என்பதை அமெரிக்காவில் மிக்ஸ்டர், பார் என்னும் இரு டாக்டர்கள் 1934ல் எழுதி நிலைநாட்டினார்கள்.

ஆனால் இடுப்பு வலி எல்லாமே டிஸ்க் வலி அல்ல. பெரும்பாலோருக்கு எந்த ஒரு பாகத்தையும் குறிப்பிட்டு இதுதான் காரணம் என்று சொல்ல முடிவதில்லை. தசைப் பிடிப்பு, மூட்டு இறுக்கம், தூக்கமின்மை, கடன் கவலை எல்லாம் சேர்ந்து வருவது உண்டு.

ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடாதா என்பீர்கள். இதில்தான் நம்மவர்கள் பயந்துபோகிறார்கள். 1994ல் அமெரிக்காவில், இடுப்பு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 52 சதவீதத்தினருக்கு ஒரு டிஸ்க்காவது புடைத்திருந்தது. எல்லா டிஸ்க்கும் சரியாக இருந்தவர்கள் 36 சதவீதம் மட்டுமே. அதாவது, நன்றாக நடமாடுகிறவர்களில் பாதிப் பேரின் ரிப்போர்ட்டிலும் 'டிஸ்க் பல்ஜ்' என்று எழுத முடியும். வயதானால் தலை நரைப்பது போலத்தான் இது. வலி இருக்கும் இடமும், சோர்வு தட்டும் காலும், ஸ்கேனில் தெரியும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று ஒத்துவருகின்றனவா என்று டாக்டர் கையால் சோதித்துப் பார்க்க வேண்டும். ரிப்போர்ட்டைப் படித்த மாத்திரத்தில் சிகிச்சை சொல்கிறவரிடம் கொஞ்சம் நிதானம் தேவை.

இழுவை புதிதல்ல

முதுகை இழுத்து வலியைப் போக்குவது மிகப் பழைய வைத்தியம். கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரேட்டஸ் காலத்திலேயே, சுமார் 2400 ஆண்டுகளுக்கு முன், நோயாளியைப் பலகையில் கட்டி இழுக்கும் முறை இருந்தது. நம் சித்த வைத்தியத்தில் தொக்கணம் ஒன்பது வகை என்பார்கள். தட்டல், பிடித்தல், முறுக்கல் இவற்றோடு இழுத்தலும் அதில் ஒன்று. ஆஸ்பத்திரிகளில் இடுப்பில் பட்டி கட்டி, கட்டிலின் கால்மாட்டில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு நாள்கணக்கில் படுக்க வைத்ததை நம் வயதுக்காரர்கள் பார்த்திருப்பார்கள். பிற்பாடு மோட்டார் வைத்த ட்ராக்ஷன் மேஜை வந்தது.

கனடாவில் ஒண்டாரியோ மாநிலத்தின் சுகாதாரத் துறையில் உயர் பதவியில் இருந்த டாக்டர் ஆலன் டயர் என்பவர் 1991ல் 'வாக்ஸ்-டி' என்ற மேஜையைக் கொண்டுவந்தார். நாம் இப்போது பேசும் இயந்திர வரிசை அதிலிருந்து தொடங்குகிறது. பிறகு பல கம்பெனிகள் பல பெயர்களில் செய்தன. படுக்கை இரண்டு பாகமாக இருக்கும். மார்பை ஒரு பட்டியும் இடுப்பை ஒரு பட்டியும் பிடித்துக்கொள்ளும். கீழ்ப்பாகம் மெல்ல நகர்ந்து இழுக்கும், சற்று நேரம் பிடிக்கும், தளர்த்தும், மறுபடி இழுக்கும். இழுக்கும் அளவைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். ஒரு தடவைக்கு அரை மணி நேரம். ஐந்தாறு வாரத்தில் 20 தடவை அல்லது அதற்கு மேலும் வரச் சொல்வார்கள்.

சாதாரண ட்ராக்ஷனுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பழைய முறையில் இழுத்தால் முதுகுத் தசை எதிர்த்து இறுகிக்கொள்கிறது, இதில் இறுகாது, அதனால் டிஸ்க்குக்குள் வெற்றிடம் உண்டாகிப் பிதுங்கிய கூழ் உள்ளே உறிஞ்சப்படுகிறது என்பது இயந்திரக்காரர்கள் வாதம். இதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. 1994ல் சில நோயாளிகளின் டிஸ்க்குக்குள் ஊசி செலுத்தி அளந்ததில், இந்த மேஜையில் இழுக்கும்போது உள்ளழுத்தம் பூஜ்யத்துக்கும் கீழே போனது.

ஆனால் மேஜையிலிருந்து இறங்கிய பிறகு? 1999ல் ஜெர்மனியில் வில்க்கே என்பவரின் குழு, உடல்நலமுள்ள ஒரு டாக்டரின் டிஸ்க்குக்குள்ளேயே கருவி வைத்து ஒரு நாள் முழுதும் அளந்தது. படுத்திருக்கும்போது அழுத்தம் 1 பங்கு என்றால், நிற்கும்போது 5 பங்கு. 20 கிலோவை உடம்போடு அணைத்துப் பிடித்தால் 11 பங்கு. அதே 20 கிலோவை முழங்கால் மடக்கித் தூக்கினால் 17. முதுகை வளைத்துக் குனிந்து தூக்கினால் 23. அரை மணி நேரம் இழுத்துக் குறைத்த அழுத்தம், எழுந்து நின்றதும் திரும்பி வந்துவிடுகிறது. மாலையில் கடைக்குப் போய் எண்ணெய் டின்னைத் தூக்கினால் கேட்கவே வேண்டாம். ஆகவே அழுத்தம் குறைவது ஒன்று, நோய் தீர்வது வேறு. நோய் தீர்கிறதா என்பதைத் தனியாகத்தான் சோதித்துப் பார்க்க வேண்டும்.

சோதித்தவர்கள் கண்டது

நூற்றுக்கு 86 பேருக்குக் குணம் என்று அமெரிக்காவில் இந்த இயந்திரங்களுக்கு விளம்பரம் செய்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் இயந்திரத்தில் படுத்தவர்கள் மட்டும்தான் இருந்தார்கள். படுக்காதவர்கள் எத்தனை பேர் தேறினார்கள் என்ற கணக்கு இல்லை. வரவை மட்டும் எழுதிப் பற்றை எழுதாத பேரேட்டை நாம் ஒப்புக்கொள்வோமா?

நம் ஊரில் காலால் பிறந்தவர் உதைத்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. உதை வாங்கிச் சுகமானவர்களும் நிறையப் பேர். அவர்கள் பொய் சொல்லவில்லை. பிடிப்பு பொதுவாகச் சில நாளில் தானே விடும் சுபாவமுள்ளது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதன் வைத்தியத்தைத் தேடுவான். அதற்குப் பிறகு குறையத்தானே செய்யும்?

இதைப் பிரித்துப் பார்க்க நெதர்லாந்தில் ஒரு நல்ல சோதனை செய்து 2009ல் வெளியிட்டார்கள். மூன்று மாதத்துக்கு மேல் இடுப்பு வலியுள்ள 60 பேரைச் சீட்டுப் போட்டதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு சாராருக்கு இயந்திரத்தில் உண்மையான இழுவை. மறு சாராருக்கும் அதே இயந்திரம், அதே பட்டி, அதே 20 தடவை. ஆனால் இழுவை பெயரளவுக்கு மட்டும். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. படிப்படியாக உடலை இயக்கும் பயிற்சி இரு சாராருக்கும் உண்டு. முடிவில் இரு சாராருக்குமே வலி குறைந்தது. உண்மை இழுவைக்கும் பெயரளவு இழுவைக்கும் இடையே கணக்கில் தேறும் வித்தியாசம் இல்லை.

2013ல் காக்ரேன் என்னும் அமைப்பு, எல்லா வகை இழுவையையும் பற்றி அதுவரை நடந்த 32 சோதனைகளை, 2762 நோயாளிகளை, ஒன்றுசேர்த்துப் பார்த்தது. வலியிலோ, நடமாட்டத்திலோ, வேலைக்குத் திரும்புவதிலோ இழுவையால் பலன் சிறிதும் இல்லை அல்லது மிகக் குறைவு என்று எழுதியது. பிரிட்டிஷ் அரசின் மருத்துவ வழிகாட்டி அமைப்பு 2016ல், சயாட்டிகா இருந்தாலும் இல்லாவிட்டாலும் இழுவை சிகிச்சை தர வேண்டாம் என்றது. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம், நாள்பட்ட இடுப்பு வலிக்கு வழக்கமாகத் தர வேண்டாதவை என்று சொன்னவற்றில் இழுவையும் ஒன்று, இடுப்பு பெல்ட்டும் ஒன்று.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2022ல் பாகிஸ்தானிலிருந்து வந்த ஒரு சோதனையில், சயாட்டிகா உள்ள 60 பேரில், பிசியோதெரபியோடு இந்த இயந்திரமும் சேர்த்துக்கொண்டவர்கள், பிசியோதெரபி மட்டும் பெற்றவர்களைவிட நான்கு வாரத்தில் நன்றாகத் தேறினார்கள். ஆனால் அங்கே பெயரளவு இழுவை வைத்து ஒப்பிடவில்லை. கூடுதல் கவனிப்பே மனிதனைத் தேற்றும் என்பதால், இதை மட்டும் வைத்து 20 தடவைக்குப் பணம் கட்ட நான் துணியமாட்டேன். சிலருக்கு இழுக்கும் நேரத்தில் சுகமாக இருக்கும் என்பதையும் மறுக்கவில்லை. அந்தச் சுகத்துக்கு என்ன விலை என்பதுதான் கேள்வி.

விலை என்பது பில் மட்டுமல்ல. எனக்குப் பழக்கமான ஒரு சில்லறை மளிகைக்காரர், கால் வரை வலி இறங்கி, ஒரு மையத்துக்குப் போய் விசாரித்து வந்தார். வாரத்துக்கு நான்கு நாள், ஆறு வாரம் வர வேண்டும் என்றார்களாம். கடையில் அவரும் மனைவியும்தான். போக வர அரை நாள் போய்விடும். தீபாவளிக்கு முந்திய மாதம் வேறு. கடன் கொடுத்த சீட்டெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. கட்டணத்துக்கு நகை, கடை அடைப்புக்கு வியாபாரம், அந்தக் கவலைக்குத் தூக்கம். கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில் காட்டினார். கால் பலத்தையும் உணர்ச்சியையும் சோதித்துப் பார்த்த டாக்டர், ஆபத்தான குறி எதுவும் இல்லை, வலிக்கு மாத்திரையோடு நடமாடிக்கொண்டிருங்கள், ஆறு வாரம் கழித்துப் பார்ப்போம் என்றாராம். ஒன்பது வாரத்தில் வலி கால்வாசியாயிற்று. நெடுநேரம் நின்றால் கெண்டைக்கால் மரக்கிறது என்று இன்றும் சொல்கிறார். மையத்துக்குப் போயிருந்தாலும் அதே ஒன்பது வாரம் ஆகியிருக்கலாம். பெயர் மட்டும் இயந்திரத்துக்குப் போயிருக்கும்.

தானே தேறுவது எப்படி?

பிதுங்கிய கூழை உடம்பே மெல்ல மெல்லத் தின்று கரைத்துவிடுகிறது. அறுவை செய்யாமல் விட்டவர்களைத் திரும்ப ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2017ல் வெளியிட்டார்கள். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்குப் பிதுக்கம் குறைந்தோ மறைந்தோ போயிருந்தது.

அறுவை சிகிச்சையும் பூச்சாண்டி அல்ல. 'ஆபரேஷன் செய்தால் கால் விழுந்துவிடும்' என்று பயமுறுத்தித்தான் பல மையங்கள் ஆள் பிடிக்கின்றன. நெதர்லாந்தில் கடும் சயாட்டிகா உள்ள 283 பேரை வைத்து நடத்திய சோதனை 2007ல் வெளிவந்தது. சீக்கிரமே அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி விரைவாகப் போனது. பொறுத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் பிற்பாடு அறுவைக்குப் போக நேர்ந்தது. ஆனால் ஒரு வருட முடிவில் இரு சாராரும் ஒரே நிலையில் இருந்தார்கள். 95 சதவீதம் பேர் தேறிவிட்டார்கள். ஆக, பொறுக்க முடிந்தவர் பொறுக்கலாம், முடியாதவர் அறுவைக்குப் போகலாம். இரண்டும் சரியான வழிதான்.

படுத்தே கிடக்கவும் வேண்டாம். 1986ல் அமெரிக்காவில் 203 பேரில் ஒரு பாதிக்கு 2 நாள், மறு பாதிக்கு 7 நாள் படுக்கை ஓய்வு சொன்னார்கள். 2 நாள்காரர்கள் வேலையிழந்த நாட்கள் 45 சதவீதம் குறைவு. சுகத்தில் இரு சாராரும் சமம். நடப்பது, வலி பொறுக்கும் அளவுக்கு வேலை பார்ப்பது, பிசியோதெரபியில் சொல்லித்தரும் பயிற்சியை வீட்டில் விடாமல் செய்வது, இவைதான் காசு குறைந்த வழி. நம் பகுதியில் ராஜா முத்தையா மருத்துவமனை என்று நாம் சொல்லிப் பழகிய சிதம்பரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இப்போது அரசு மருத்துவமனை. எலும்பு மூட்டுப் பிரிவு அங்கே உண்டு. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபி தரும் ஏற்பாடும் சேர்க்கப்பட்டது.

பொறுக்கக் கூடாத குறிகள்

இதை மட்டும் வீட்டில் உள்ளவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் கழிந்தாலோ, மலம் அடங்காவிட்டாலோ, சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போனாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரவானாலும் காத்திருக்கக் கூடாது. அது நரம்புக் கொத்து நசுங்குவதன் அடையாளம், தாமதித்தால் மீளாது. பாதத்தைத் தூக்க முடியாமல், நடக்கும்போது செருப்பு தானாக நழுவினால் அதுவும் அவசரம்தான். காய்ச்சலோடு முதுகு வலி, காரணமில்லாமல் உடம்பு இளைப்பு, முன்பு புற்றுநோய் வந்தவர், வயதானவர் வழுக்கி விழுந்த பின் வந்த வலி, இவர்கள் எந்த இழுவைக்கும் போகுமுன் டாக்டரிடம் காட்ட வேண்டும். எலும்பு மெலிந்தவர்கள், கர்ப்பிணிகள், முதுகில் ஸ்க்ரூ வைத்தவர்கள், வயிற்று ரத்தக்குழாய் வீங்கியவர்கள் இந்த இயந்திரத்தில் படுக்கவே கூடாது. ஒரு மையத்தில் இவை எதையும் விசாரிக்காமல் ரசீது போட்டால், எழுந்து வந்துவிடுங்கள். எல்லாம் கேட்டறிந்த பிறகும் போகத்தான் வேண்டும் என்றால், முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டாமல், நாலைந்து தடவைக்கு மட்டும் கட்டிப் பாருங்கள். பலனில்லை என்றால் மீதிப் பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

கடையில் செய்ய வேண்டியது

நான் தொழிலுக்கு வந்த காலத்தில் சர்க்கரை மூட்டை 100 கிலோ. இப்போது 50 கிலோ. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967ல் சொன்ன பரிந்துரை, ஓர் ஆண் சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது. அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமோ, எல்லா வசதியும் சரியாக அமைந்தாலும் 23 கிலோதான் என்று கணக்கு வைத்திருக்கிறது. நம் அரிசிச் சிப்பம் 25 கிலோவாக இருந்தது. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையுள்ள லேபிள் ஒட்டிய சிப்பத்துக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்ததும் 26 கிலோ ஆயிற்று. வரி போட்டவர்கள் நம் இடுப்பின்மேல் ஒரு கிலோ ஏற்றி வைத்தார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வது உண்டு.

எப்படித் தூக்க வேண்டும் என்று பாடம் எடுப்பதால் மட்டும் வலி குறைவதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. தூக்கும் எடையையும் தடவையையும் குறைத்தாக வேண்டும். அடிக்கடி விற்கும் சர்க்கரை, துவரம் பருப்பு, எண்ணெய் டின் இவற்றைத் தரையில் வைக்காமல், இடுப்பு உயரத்துக்குச் சற்றுக் கீழே மரப் பலகை போட்டு வைக்கலாம். அப்பளம், ஊதுவத்தி போன்ற லேசான சரக்கு மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் போகட்டும். எலக்ட்ரானிக் தராசைக் குனியாமல் நிறுக்கும் உயரத்தில் வையுங்கள். கல்லாவில் இருப்பவர் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து கடைக்குள் ஒரு நடை போகட்டும். இரண்டு சக்கரத் தள்ளுவண்டி ஒன்று, மையத்தில் கேட்கும் சில தடவைக் கட்டணத்துக்குள் வந்துவிடும். பத்து வருஷம் உழைக்கும்.

லோடுமேன்களுக்கும் முதுகு ஒன்றுதான். லாரி வரும் நேரத்தை ஒரேயடியாக மதிய வெயிலில் வைத்துக்கொண்டு, ஒரு மணியில் இறக்கு என்று விரட்டினால் மூட்டையை வளைந்துதான் வாங்குவார்கள். எங்கள் குடோனில் 50 கிலோ மூட்டையை இருவர் பிடித்துத்தான் இறக்க வேண்டும், தலைக்கு மேல் அடுக்கக் கூடாது என்று வைத்திருக்கிறோம். அடுக்கு தாழ்ந்ததால் இடம் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கிறது, இறக்குக் கூலியும் ஏறியது. சிறு மில்களில் சொல்லி வைத்தால் பருப்பை 30 கிலோ சாக்கில் பிடித்துத் தருகிறார்கள். சாக்கு விலையை மட்டும் தனியாகப் பேசிக்கொள்ள வேண்டும்.